குளிர்காலத்தில் போட்ட தண்டவாளம்

1929 மார்ச் 29. கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சிலில் ஒரு ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்தார்கள். இப்படிப்பட்ட சடங்குகளுக்குத் தங்க ஆணியோ வெள்ளி ஆணியோ கொண்டுவருவது அந்தக் கால வழக்கம். அங்கே அது கைவசம் இல்லை. புகையிலைப் பொட்டலத்தின் ஈயத்தாளைக் கிழித்து ஒரு சாதாரண இரும்பு ஆணியின் மேல் சுற்றிக் காரியத்தை முடித்தார்கள் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. மேற்குக் கனடாவின் கோதுமை விவசாயிகள் தலைமுறைக் கணக்கில் கேட்டுக் கேட்டுப் பெற்ற பாதை அது. கிழக்கே மான்ட்ரியல் வரை போய்ச் சுற்றாமல் நேராக வடக்குக் கடலுக்கு ஓட்டி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் தானியத்தைக் கப்பலேற்றலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

ஆணி அடித்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். தி பா என்ற ஊரிலிருந்து சர்ச்சில் வரை 820 கிலோமீட்டர். அதன் வடகோடிப் பகுதியை 1928-29 குளிர்காலத்தில் போட்டார்கள். கோடையில் கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே இழுக்கும் சதுப்பு, அந்த மாதங்களில் பாறையைப் போல இறுகிக் கிடக்கும். அதன் மேல் ஸ்லீப்பர் கட்டைகளைப் பரப்பித் தண்டவாளத்தை ஓட்டிக்கொண்டே போனார்கள். ஜல்லியும் சரளையும் கோடையில் வந்து சேர்ந்தன. பொறியியல் கெட்டிக்காரத்தனம் என்று அன்று பாராட்டப்பட்ட இந்த வேலைக்கான கட்டணத்தை அந்தப் பாதை சுமார் நூறு ஆண்டுகளாகத் தவணை முறையில் கட்டி வருகிறது.

அந்த மண்ணின் சுபாவம் தெரியாமல் இந்தக் கதை புரியாது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது சுழியம் டிகிரிக்கு மேல் போகாத நிலத்தை உறைநிலம் என்கிறோம். வடகோளத்தின் தரைப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு இந்த வகையைச் சேர்ந்தது. கோடையில் மேல்தோல் மட்டும் உருகும்; சில இடங்களில் அரை மீட்டர், சில இடங்களில் மூன்று மீட்டர். குளிர்காலத்தில் அது மறுபடி இறுகும். அடியில் இருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே கிடப்பது. அந்த அடிமண்ணில் பாறையோ காய்ந்த சரளையோ இருந்தால் பிரச்சினை இல்லை, உருகினாலும் அசையாது. வண்டலும் களிமண்ணும் கரிச்சதுப்பும் இருக்கும் இடத்தில்தான் வில்லங்கம். அங்கே மண்ணின் துளைகள் கொள்ளும் அளவைவிட அதிகமான பனிக்கட்டி, தகடுகளாகவும் ஆப்புகளாகவும் ஊடே படிந்திருக்கும். அது உருகினால் அந்த நீருக்கு மண்ணில் இடமில்லை. நீர் வெளியேறும், மண் அந்த அளவுக்கு அமிழும்.

மேலே படர்ந்திருக்கும் பாசியும் கரிமண்ணும் கோடை வெயிலை அடியில் இறங்க விடாமல் தடுக்கின்றன. குளிர்பதனப் பெட்டி பரவலாகாத நாட்களில் ஐஸ்கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கைப் போர்த்தி வைத்திருப்பார்களே, அதே வேலைதான். ரயில் போட வருகிறவர்கள் முதலில் செய்வது அந்தப் போர்வையை உரிப்பது. மரத்தை வெட்டி, பாசியை வாரி, கரை எழுப்புகிறார்கள். கரையின் சரிவில் பனி குவிந்து, குளிர்காலக் குளிர் மண்ணுக்குள் இறங்க முடியாமல் செய்கிறது. கரையின் அடிவாரத்தில் தண்ணீர் தேங்கி, கோடைச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரயில் ஓடாவிட்டாலும் இது நடக்கும். அலாஸ்காவில் கென்னிகாட் செப்புச் சுரங்கத்துக்காக 1911இல் முடிக்கப்பட்டு 1938இல் கைவிடப்பட்ட காப்பர் ரிவர் ரயில் பாதையின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ரெல்னா அருகே, ஒரு வண்டியும் ஓடாத தண்டவாளம் அலையலையாக மேலும் கீழும் நெளிந்து கிடக்கும்.

முழுப் பாதையும் ஒரே சீராக ஒரு மீட்டர் அமிழ்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஒரு தண்டவாளம் தாழ்கிறது, எதிர்த் தண்டவாளம் நிற்கிறது. பாலத்தின் தூண் நிற்கிறது, அதைத் தொடும் கரை இறங்குகிறது. ரயில் இதைத்தான் தாங்காது.

இதெல்லாம் பின்னால் தெரிய வந்த ஞானம் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிக நிறுவன ஊழியர் 1820களின் இறுதியில் குடிநீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கி, தண்ணீரைக் காணாமல் தோண்டிக்கொண்டே போய் 116 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினார். அதுவரையிலும் மண் உறைந்தே இருந்தது. 1840களில் மிடென்டார்ஃப் என்ற ஆய்வாளர் அந்தக் கிணற்றில் இறங்கி வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை அளந்தார். கிணற்றுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. அறிவியலுக்கு ஒரு துறை கிடைத்தது.

அடுத்த பாடத்தைச் சொன்னது ரயில்தான். சைபீரியாவைக் கடக்கும் பெரும் பாதையின் பைக்கால் ஏரிக்குக் கிழக்கேயான பகுதியை 1895 முதல் 1900 வரை கட்டினார்கள். அதற்கும் கிழக்கே அமூர் பகுதி 1908இல் தொடங்கி 1916இல் முடிந்தது. அங்கே கரை மட்டுமா அமிழ்ந்தது? நிலைய அறைகளில் எரியும் அடுப்பின் சூடு தரை வழியாக இறங்கிக் கட்டடத்தின் நடுவயிற்றை உள்ளே இழுத்தது. நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாய்கள் உறைந்து வெடித்தன. 1912இலேயே பக்தானோவ் என்ற ரயில்வே பொறியாளர் உறைநிலத்தையும் அதன் மேல் கட்டுவதையும் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். 1916இல் லிவோவ் என்பவர் அமூர் பாதையின் நீர்ப் பிரச்சினைக்காகவே ஒரு பெரும் ஆய்வை வெளியிட்டார். 1927இல் மிகயீல் சும்கின் சோவியத் நிலப்பரப்பின் உறைநிலம் முழுவதையும் பற்றிய நூலைக் கொண்டுவந்தார். இந்தத் துறையின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். அமூர்ப் பகுதியில் வானிலை பார்க்கும் வேலையில் இருந்தபோது பிடித்துக்கொண்ட ஆர்வம் அது.

சர்ச்சிலில் ஆணி அடித்தபோது அந்த நூல் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரஷ்ய மொழி நூல் சர்ச்சில் இருக்கும் மனிடோபா மாகாணம் வரை எட்டியிருக்காது என்று சொல்லலாம். அப்படியானால் சோவியத் நாட்டுக்குள்ளேயாவது எட்டியிருக்க வேண்டும். 1947இல் ஸ்டாலின் அரசு வடதுருவ வட்டத்தை ஒட்டி ஒரு பாதையைத் தொடங்கியது. 1949 முதல் அது சலேகார்டிலிருந்து கிழக்கே இகார்காவை நோக்கித் திரும்பியது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் என்பது திட்டம். வேலை செய்தவர்கள் முகாம் கைதிகள், பல்லாயிரக்கணக்கில். வரைபடம் முடியுமுன் வேலை தொடங்கியது. எங்கெங்கோ போரில் சிதைந்த பாதைகளிலிருந்து பிடுங்கிய, ஜார் காலத்து முத்திரைகூட இருந்த தண்டவாளங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். 1953இல் ஸ்டாலின் இறந்த சில வாரங்களில் வேலை நின்றது. அதற்குள் சுமார் 700 கிலோமீட்டர் போட்டாகிவிட்டது. ஆளில்லாமல் விட்டதும் நிலம் தன் வேலையைப் பார்த்தது. மரப்பாலங்களின் கால்களைக் குளிர்காலங்கள் மேலே தள்ளின, கரைகளைக் கோடைகள் கீழே இழுத்தன, தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. யெர்மகோவோ அருகே இன்ஜின்கள் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. செத்த பாதை என்றுதான் அதற்கு இன்று பெயர். அந்தப் பாதையில் மண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்னால் வந்த பைக்கால்–அமூர் பெருவழி அவ்வளவு கொடூரமானதில்லை; 1974க்குப் பிறகு அதைக் கட்டியவர்கள் கொம்சமோல் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பினரும் ராணுவத்தின் ரயில்வே படையும். ஆனால் அவசரத்தின் குணம் மாறவில்லை. பாதை இணைந்துவிட்டது என்று 1984இல் விழா எடுத்தார்கள். அதன் நடுவே வரும் 15.3 கிலோமீட்டர் செவெரோமுய்ஸ்க் சுரங்கம் 2003இல்தான் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரயில்கள் செங்குத்தான மாற்றுப்பாதையில் மலையைச் சுற்றிப் போயின.

அரசுகள் விழா தேதியை முன்னால் குறித்துவிட்டு மண்ணை அதற்கு இணங்கச் சொல்கின்றன. விழாவுக்கு மறுநாள் முதல் பொறுப்பு கேங்மேனுடையது. சர்ச்சில் பாதையில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

அந்தப் பாதையின் பெரும்பகுதியில் நிலம் முழுவதும் உறைந்ததில்லை. கரிமண் மேடுகள் உறைந்திருக்கும். அவற்றை அடுத்த ஈரச் சதுப்புகள் உறையாமல் இருக்கும். மேட்டிலிருந்து சதுப்புக்குப் பாதை இறங்கும் எல்லைக்கோட்டில்தான் பள்ளம் விழுகிறது, ஏனென்றால் அங்கே உறைநிலத்தின் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்குகிறது. இரு பக்கமும் கெட்டியாக நிற்க, நடுவில் சில மீட்டர் நீளத்துக்கு மட்டும் பாதை குழியும். கோடையில் கேங்மேன்கள் வருவார்கள். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் ஜல்லி போட்டு இடித்து இறுக்கி, மட்டம் பார்த்துவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் ஜல்லியே உறைந்து இறுகிக் கிடக்கும், இடிக்க முடியாது. அப்போது தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் இடையே மரச்சில்லுகளைச் செருகி மட்டத்தை ஒப்பேற்றுவார்கள். அடுத்த ஆண்டு அதே இடம் மறுபடி அமிழும். மறுபடி ஜல்லி. பல பத்தாண்டுகள் இப்படிக் கொட்டிய ஜல்லி பாதைக்கு அடியில் ஒரு தலைகீழ் மேடாக இறங்கிக் கிடக்கிறது. புதிதாகக் கொட்டும் ஒவ்வொரு லோடும் அந்த இடத்தில் பாரத்தைக் கூட்டுகிறது. கரை அகலமாக அகலமாக அதன் சரிவில் பனியும் கூடுதலாகச் சேர்ந்து அடிமண்ணைக் கதகதப்பாக வைக்கிறது. அமிழ்வதைச் சரிசெய்யும் வேலையே அமிழ்வதற்கு உதவி செய்கிறது என்பதைப் பொறியாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். மாற்றாக அவர்கள் அங்கே சோதித்துப் பார்த்தது வெப்பக் குழாய்.

எளிமையான, அழகான கருவி அது. இருமுனையும் மூடிய நீண்ட எஃகுக் குழாய். உள்ளே அம்மோனியா போன்ற எளிதில் ஆவியாகும் திரவம். கீழ்ப்பாதி மண்ணில், மேல்பாதி காற்றில். குளிர்காலத்தில் வெளிக்காற்று மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும். அடியில் இருக்கும் திரவம் மண்ணின் சூட்டை எடுத்துக்கொண்டு ஆவியாகி மேலே ஏறும், உச்சியில் குளிர்ந்து திரவமாகி மறுபடி கீழே வடியும். கோடையில் மேல்பக்கம் சூடாகிவிடுவதால் சுழற்சி தானாக நின்றுவிடும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மண்ணிலிருந்து சூடு வெளியே போகும், வெளிச்சூடு உள்ளே வராது. ஆனால் சர்ச்சில் பாதையின் எல்லாப் பள்ளங்களுக்கும் இந்தக் குழாயை நட யாரும் பணம் ஒதுக்கவில்லை. வருமானம் குறைந்த பாதை; ஆண்டுக்குச் சில மாதங்கள் மட்டும் பனி விலகும் துறைமுகம். ஜாக்கியும் ஜல்லியும் மலிவாகத் தெரிந்தன. 1997இல் பாதை தனியார் கைக்குப் போனது.

2017 மே மாதம் பனிப்புயலைத் தொடர்ந்து வந்த வெள்ளம் அந்தக் கரையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. அதற்கு உறைநிலத்தை மட்டும் காரணம் சொல்வது நேர்மையாகாது; வெள்ளம் வெள்ளம்தான். என்றாலும், பழுதுபார்ப்பது யார் செலவில் என்ற தகராறு ஓராண்டுக்கு மேல் இழுத்தது. சாலைத் தொடர்பே இல்லாத சர்ச்சிலுக்குக் காய்கறியும் பாலும் விமானத்தில் வந்தன, எரிவாயு கப்பலில் வந்தது, விலைகள் ஏறின. 2018 ஆகஸ்டில் பாதை கைமாறியது. பழங்குடிச் சமூகங்களும் வடபுல ஊர்களும் பங்காளிகளாக இருந்த ஒரு கூட்டமைப்பு அதை வாங்கியது. சில ஆண்டுகளில் முழு உரிமையும் அவர்களிடமே வந்தது. 2018 இறுதியில் ரயில் மறுபடி சர்ச்சிலுக்குப் போனது. பாதை போட்டபோது கருத்துக் கேட்கப்படாத மக்களிடம் அதன் பராமரிப்புப் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. நியாயம்தான் என்று மனம் சொல்கிறது. அதோடு சேர்ந்து வந்த ஜல்லிக் கணக்கை நினைத்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு பெரிய பாதை கொஞ்சம் வேறு மாதிரி கட்டப்பட்டது: சீனாவின் ஷினிங்கிலிருந்து திபெத்தின் லாசாவுக்குப் போகும் பாதை. ஷினிங்–கோல்முட் பகுதி 1984இல் திறந்தது. கோல்முட்டிலிருந்து லாசா வரையிலான 1,142 கிலோமீட்டர், 2001 ஜூனில் தொடங்கி 2006 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகள் என்று பெருமையாகச் சொல்லப்படுவது உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள். ஃபெங்ஹுவோஷான் மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரத்தில், 1961இல் ஒரு கண்காணிப்பு நிலையம் தொடங்கினார்கள். மூச்சு வாங்கும் அந்த இடத்தில் ஆட்கள் முறைவைத்துத் தங்கி மண்ணின் வெப்பநிலையைக் குறித்து வந்தார்கள். 1976இல் 483 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக் கரை ஒன்றைக் கட்டினார்கள். ரயில் இல்லை, ரயில் வருமென்ற உறுதியும் இல்லை. கரை மட்டும் நின்றது, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். 1978இல் திட்டமே கைவிடப்பட்டது. அளவீடு நிற்கவில்லை.

அருகிலேயே இன்னொரு பாடமும் ஓடிக்கொண்டிருந்தது. 1954இல் திறந்த திபெத் நெடுஞ்சாலைக்குப் பின்னால் தார் போட்டார்கள். கறுப்புத் தார் வெயிலைக் குடித்தது, சாலைக்கு அடியில் உறைநிலம் கிண்ணம் போல உருகியது, சாலை அலையடித்தது. 2001இல் ரயில் வேலை தொடங்கியபோது பொறியாளர்கள் கையில் இந்த இரண்டு ஏடுகளும் இருந்தன. சுமார் 550 கிலோமீட்டர் உறைநிலம். அதில் பாதியளவு, மைனஸ் ஒரு டிகிரியைவிடக் கதகதப்பான மண். அதாவது உருகுவதற்குக் காத்திருக்கும் மண். செங் குவோடாங்கும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கொள்கை ஒரு வரியில் அடங்கும்: சூடு உள்ளே வராமல் தடுத்தால் மட்டும் போதாது, கரையே மண்ணைக் குளிரவைக்க வேண்டும்.

அதனால்தான் அங்கே கரையின் வயிற்றில் பெருங்கற்களைத் தளர்வாக அடுக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று கற்களின் இடுக்கு வழியாக இறங்கி, உள்ளே இருக்கும் சூடான காற்றை மேலே தள்ளும். கோடையில் சூடான காற்று மேலேயே தங்கிவிடும், கீழே இறங்காது. வெறும் கல்லை வைத்து இப்படி ஒருவழிப்பாதை உண்டாக்கியதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. வெயில் விழும் தெற்குச் சரிவு நிழல் விழும் வடக்குச் சரிவைவிட வேகமாகச் சூடேறி, கரை ஒரு பக்கமாகச் சாயும் என்பதால் சில இடங்களில் சரிவுக்குக் கூரைப் பலகை வேய்ந்தார்கள். வெப்பக் குழாய்களை வரிசையாக நட்டார்கள். எதற்கும் அடங்காத மண் வந்த இடங்களில் கரையே வேண்டாம் என்று பாலம் கட்டினார்கள். சிங்ஷுய்ஹெ பாலத்தின் 11.7 கிலோமீட்டரில் தண்ணீரைக் கடக்கும் நீளம் சொற்பம். அதன் தூண்கள் உறைநிலத்துக்குள் ஆழமாக இறங்கி நிற்கின்றன. கீழே திபெத்திய மான்கள் கடந்து போகின்றன.

இதைப் படித்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்து கட்டினார்கள் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த நாற்பது ஆண்டுத் தாமதத்தை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. பஞ்சம், பணமுடை, கலாச்சாரப் புரட்சி, கைவிட்ட திட்டம் எல்லாம் சேர்ந்து அதைத் திணித்தன. 1961லேயே பணம் இருந்திருந்தால் சர்ச்சிலைப் போலத்தான் கட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். தாமதம் தானாக வந்தது. அந்த நேரத்தில் யாரோ சிலர் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தது மட்டுமே வேறுபாடு. அரசுத் திட்டங்களில் இந்தச் செலவுக்கு ஒரு தலைப்பே கிடையாது. பாலத்துக்கு மதிப்பீடு உண்டு, இன்ஜினுக்கு உண்டு. எதையும் கட்டாமல் இருபது ஆண்டு மண்ணை அளந்துகொண்டிருக்க எந்த நிதியமைச்சர் ஒப்புவார்?

அத்தனை செய்தும் நிலம் முழுவதும் பணியவில்லை. திறந்து ஒரு மாதம் ஆவதற்குள், சில பகுதிகளில் அடித்தளம் அமிழ்ந்து கான்கிரீட்டில் விரிசல் கண்டிருப்பதாகச் சீன ரயில்வே அமைச்சகமே ஒப்புக்கொண்டது. பாலமும் கரையும் சந்திக்கும் இடங்களில் கரை தாழ்வது அதற்குப் பிறகும் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இருந்தாலும் உறைநிலப் பகுதியில் ரயில்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை ஓடும் வகையில் கட்டினார்கள். பெரும்பாலான இடங்களில் கரை நிற்கிறது. இதைவிடச் சிறந்த உறைநிலப் பாதை இதுவரை கட்டப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

அதன் அடித்தளத்தில் ஓர் எண் இருக்கிறது. வடிவமைத்தவர்கள், ஐம்பது ஆண்டுகளில் காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயரும் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். திபெத்தியப் பீடபூமியோ உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடேறி வருகிறது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.3 டிகிரி என்பது பல அளவீடுகள் காட்டும் வேகம். அந்த வேகத்தில் ஐம்பது ஆண்டு ஒதுக்கீடு முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும், அதாவது 2040 வாக்கில். கல்லடுக்கும் வெப்பக் குழாயும் குளிர்காலக் குளிரை நம்பித்தான் வேலை செய்கின்றன. அந்தக் குளிர் குறைந்தால் அவற்றின் இடத்தில் எதை வைப்பது என்பதற்கு இன்னொரு சோதனைக் கரை வேண்டும், இன்னொரு ஃபெங்ஹுவோஷான் வேண்டும். முதல் நிலையத்துக்கு நாற்பது ஆண்டுகள் கிடைத்தன. சர்ச்சிலை விரிவாக்கும் பேச்சு கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் மறுபடி எழுந்திருக்கிறது, பைக்கால்–அமூர் பாதையின் சரக்கை ரஷ்யா பெருக்கி வருகிறது. இரண்டிலும் டன் கணக்கும் முடிக்கும் ஆண்டும் அறிவிப்பின் முதல் வரியிலேயே வருகின்றன.